புதிதாகச் சமைப்பவர்களுக்குச் சோம்பு: வாங்குவது முதல் நிறுத்துவது வரை

வேலை கிடைத்துக் கோவைக்கு வந்து, நண்பர்கள் மூன்று பேரோடு வீடு எடுத்துத் தங்கிய முதல் வாரம் ரசம் வைத்தேன். நுணுக்கிப் போட்டது சீரகம் என்றுதான் நினைத்தேன். கொதி வந்ததும் வீடெல்லாம் பரோட்டாக் கடை வாசம். போட்டது சோம்பு.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில் இந்தச் சின்ன விதையிடம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சாயம் ஏற்றிய சரக்கை வாங்கினேன். தாளிப்பில் கருக விட்டுக் குழம்பையே கசக்க வைத்தேன். பொடித்து வைத்துப் பூஞ்சை பிடிக்க விட்டேன். கடைசியாக, வயிற்று உப்புசத்துக்கு ஆறு வாரம் சோம்புத் தண்ணீரே கதி என்று இருந்துவிட்டு ஸ்கேன் சென்டரில் போய்ப் படுத்தேன். யாராவது முதலிலேயே வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி தப்பியிருக்கும். இப்போதுதான் தனியாகச் சமைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

சோம்பும் பெருஞ்சீரகமும் ஒன்றுதான். தமிழ்நாட்டு மளிகைக் கடையில் சோம்பு என்றால் போதும். நாட்டு மருந்துக் கடையில் பெருஞ்சீரகம் என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கேரளத்திலும் பெருஞ்சீரகம்தான்.

குழப்பம் வருவது சமையல் குறிப்புகளைப் பார்த்துச் செய்யும்போது. இலங்கைத் தமிழர்கள் சோம்பைப் பெருஞ்சீரகம் என்றும், நாம் வெறுமனே சீரகம் என்பதைச் சின்னச்சீரகம் அல்லது நற்சீரகம் என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு இரண்டுமே வேண்டும், அளவு வேறு வேறு. குறிப்பில் 'சீரகம்' என்று மொட்டையாக இருந்தால் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மலேசியாவில் இருப்பவர்கள் பாக்கெட்டில் ஜிந்தான் மானிஸ் என்று பார்த்தால் அது சோம்பு. ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம்.

இன்னொரு பொறி ஆங்கில லேபிள். சில பாக்கெட்டுகளில் சோம்புக்கு ஃபென்னல் என்று போடாமல் அனிஸ் என்று அச்சடித்திருப்பார்கள். உண்மையான அனிஸ் வேறு செடி, விதையும் பொடிசு. வாசம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இரண்டிலும் உள்ள அனெத்தோல் என்ற எண்ணெய்ப் பொருள். அன்னாசிப்பூவிலும் அதே பொருள்தான் இருக்கிறது. அதனால்தான் பிரியாணிக்கு அன்னாசிப்பூவும் சோம்பும் தாராளமாகப் போட்டால் இருமல் மருந்து வாசம் அடிக்கிறது.

சந்தேகம் வந்தால் ஒரு விதையைக் கடித்துப் பாருங்கள். சோம்பு இனிக்கும். சீரகம் இனிக்காது, நாக்கில் லேசான கசப்போடு மண்வாசம் தட்டும். பார்வைக்குச் சோம்பு சற்றுப் பருமனாக, பச்சையும் மஞ்சளும் கலந்து, நீளவாக்கில் வரிகளோடு இருக்கும். சதகுப்பை தட்டையாக இருக்கும், ஓமம் மிகச் சிறியது.

2. எந்த ரகம், எவ்வளவு, என்ன விலை

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். பருமனானது சமையலுக்கு. மெலிதாக, பளிச்சென்ற பச்சையில் இருப்பது லக்னோ சோம்பு, சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லுவதற்கு. விதை முழுதாக முற்றும் முன்பே பறித்துவிடுவதால் லக்னோ சோம்பு நார் குறைந்து இனிப்பாக இருக்கும். அதைக் கொண்டுபோய்க் குழம்பில் போடுவது காசைக் கரைப்பதுதான்.

இந்தியாவில் சோம்பு பெரும்பாலும் விளைவது குஜராத்திலும் ராஜஸ்தானிலும். குஜராத்தின் மெகசானா மாவட்டத்தில் இருக்கும் உஞ்ஜா சந்தையில்தான் சோம்புக்கும் சீரகத்துக்கும் பெரிய ஏலம் நடக்கிறது. புதுச் சரக்கு மாசி, பங்குனி வாக்கில் வரத் தொடங்கும். நம் ஊர்க் கடைக்கு வந்து சேரச் சித்திரை ஆகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கும் வீடுகள் சித்திரை, வைகாசியில் வாங்குவது இதனால்தான்.

நமக்கு அது வேண்டாம். ஒருவர் அல்லது இருவர் சமைக்கும் வீட்டுக்கு 100 கிராம் இரண்டு மாதம் தாராளமாக வரும். நான் கடைசியாக வாங்கியபோது சமையல் சோம்பு 100 கிராம் 40 ரூபாய், லக்னோ சோம்பு 65 ரூபாய். இந்த விலை வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். கால் கிலோவாக வாங்கினால் மலிவு என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பாதி டப்பாவில் வாசமில்லாத உமிதான் மிஞ்சியிருக்கும்.

3. கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை

உதிரியாக வாங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாசம் உடனே ஏறவேண்டும். தேய்த்தும் வராவிட்டால் பழைய சரக்கு. சுருங்கி, பழுப்பேறி, காம்பும் தூசியுமாக இருந்தாலும் வேண்டாம்.

ரொம்பப் பச்சையாக இருந்தால்தான் கவனம் வேண்டும். நான் ஏமாந்தது அங்கேதான். கிளிப்பச்சை நிறத்தில் பார்க்க அழகாக இருந்தது, விலையும் பத்து ரூபாய் குறைவு. வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டால் இரண்டு நிமிடத்தில் தண்ணீர் பச்சை மை கரைத்த மாதிரி ஆகிவிட்டது. நல்ல சோம்பும் ஊறினால் தண்ணீர் லேசாக மஞ்சளிக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியில் நாலு விதையை வைத்து அழுத்தித் தேய்த்தால் துணியில் பச்சைக் கறை ஒட்டக்கூடாது. அவ்வளவுதான் சோதனை.

பாக்கெட்டாக வாங்கினால் அந்த லேபிள்தான் உங்கள் கையில் இருக்கும் ஆவணம். பாக்கெட் செய்த மாதமும் வருஷமும், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, பேட்ச் எண், எடை, விலை, தயாரித்தவரின் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு) முத்திரையோடு 14 இலக்க எண் எல்லாம் இருக்கவேண்டும். அந்த 14 இலக்கத்தில் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. எண் மேல் சந்தேகம் இருந்தால் அந்த அமைப்பின் ஃபோஸ்கோஸ் இணையதளத்தில் போட்டு யாருடைய எண் என்று பார்த்துவிடலாம், கட்டணம் கிடையாது. காலாவதித் தேதியைவிட நான் பாக்கெட் செய்த தேதியைத்தான் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்குள் இருந்தால் எடுப்பேன்.

பில் கேளுங்கள். 40 ரூபாய்ச் சாமானுக்கு என்ன பில் என்று கூச்சப்பட்டுத்தான் நான் கேட்கவில்லை. சாயச் சோம்பைத் திரும்பக் கொண்டுபோனபோது "இது எங்க கடையில வாங்கினதுதானா தம்பி?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டார்.

4. கலப்படம் என்று தெரிந்தால்

சரக்கைக் கொட்டிவிடாதீர்கள். பாக்கெட்டோடு மூடி வையுங்கள். பில், லேபிளின் இரண்டு பக்கப் படம், பேட்ச் எண், வாங்கிய தேதி, கடை முகவரி, சாயம் இறங்கிய தண்ணீரின் படம், இவை இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் பத்து நிமிடத்தில் புகார் போட்டுவிடலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரிலும் எழுதிக் கொடுக்கலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பரிசோதனைக்கு அனுப்ப நினைத்தால் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி தருகிறது. சரக்கில் குறை இருப்பது தெரியவந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து சமைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதற்கு இந்தப் பிரிவு உதவாது. அதனால் சாதாரணமாக ஏமாந்தவர்களுக்குப் புகார்தான் வழி.

5. வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரம்

கல், காம்பு பொறுக்குங்கள். முறம் இருந்தால் புடைக்கலாம், இல்லாவிட்டால் வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பாருங்கள். கழுவாதீர்கள். சுத்தம் என்று நினைத்துக் கழுவிக் காயவைத்தால் உள்ளே ஈரம் நின்றுவிடும்.

பெரும்பகுதியை வறுக்காமலேயே கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். அடுப்பு மேடைக்கு மேலே உள்ள அலமாரி கைக்கு வசதி, சோம்புக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. தினமும் சூடும் ஆவியும் பட்டால் வாசம் ஓடிவிடும்.

பொடிக்கு மட்டும் மூன்று கரண்டி எடுத்து அடி கனத்த வாணலியில் சின்னத் தீயில் வறுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். விதை லேசாக உப்பி, வாசம் இனிப்பாக எழும்பி, பச்சை கொஞ்சம் மங்கும்போது இறக்கிவிடவேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும், உடனே தட்டில் கொட்டுங்கள்.

அப்புறம் ஆறவேண்டும். நான் பூஞ்சை பிடிக்க விட்டது இங்கேதான். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்சியில் அடித்து டப்பாவில் அடைத்தேன். மூடியின் உள்பக்கம் வியர்த்தது, பத்தாவது நாள் பொடி கட்டிப்பட்டுச் சாம்பல் நிறத்தில் நூல் விட்டது. அரை மணி நேரம் முழுதாக ஆறட்டும். அரைத்த பொடியும் மிக்சி சூட்டில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதையும் ஆற வைத்து அடையுங்கள். பொடி ஒரு மாதம் வரும். முழு விதை ஒரு வருஷம் வரை கெடாது, வாசம்தான் அதற்கு முன்பே குறையத் தொடங்கும். பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

6. சமையலில் எந்த நேரத்தில் போடுவது

சோம்பு எதில் போடுவது என்பதைவிட எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரே தேக்கரண்டி சோம்பு தாளிப்பில் ஒரு வாசம், பச்சையாக அரைத்தால் வேறு, வறுத்துப் பொடித்தால் இன்னொன்று.

*தாளிப்பு.* எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் முதலில். அவை பொரிந்து வாசம் வந்ததும் சோம்பு. பத்து விநாடி எண்ணிவிட்டு உடனே வெங்காயத்தைப் போட்டுவிடுங்கள். வெங்காயத்தின் ஈரம் எண்ணெய்ச் சூட்டைத் தணித்துச் சோம்பைக் காப்பாற்றும். அதனால் வெங்காயத்தை நறுக்கித் தயாராக வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைக்கவேண்டும். நான் சோம்பைப் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போனவன். கடுகும் சேர்க்கும் பொரியல் என்றால் கடுகு வெடித்து முடித்த பிறகு சோம்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் சோம்பு கறுத்துவிடும். கறுத்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அந்தக் கசப்பைத் தேங்காய்ப்பாலாலும் மறைக்க முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

*பச்சையாக அரைப்பது.* நாலு பேருக்கு வெள்ளைக் குருமா என்றால் அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, நாலு பச்சை மிளகாய். கசகசாவை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துவிட்டு மற்றதோடு சேர்த்து மைய அரையுங்கள். காய் வெந்த பிறகு ஊற்றி, சின்னத் தீயில் ஏழெட்டு நிமிடம் கொதிக்கவேண்டும். அதற்கு முன் இறக்கினால் பச்சைச் சோம்பு நெடி நிற்கும். தாளிப்பிலும் சோம்பு போட்டிருந்தால் அரைப்பில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் முழு அளவு போடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, சாப்பிட்ட பிறகு ராத்திரி முழுக்க ஏப்பத்தில் சோம்பு வரும்.

*வறுத்துப் பொடிப்பது.* கறிக்குழம்பு, கோழி வறுவல் மசாலாவுக்கு இதுதான். அரைக் கிலோ கறிக்கு நாலு மேசைக்கரண்டி மல்லி, ஆறேழு காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒன்றரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. மல்லியையும் மிளகாயையும் முதலில் வறுத்து எடுத்துவிட்டு, சோம்பையும் சீரகத்தையும் கடைசியில் அந்தச் சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். எல்லாவற்றையும் ஒன்றாக வறுத்தால் மல்லி பச்சையாகவே இருக்கும், சோம்பு கருகியிருக்கும்.

*மசால் வடை.* ஒரு கப் கடலைப்பருப்பு இரண்டு மணி நேரம் ஊறட்டும், அதற்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும். ஒரு பிடிப் பருப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி சோம்பு, மூன்று காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு ஆகியவற்றை முதலில் மிக்சியில் ஒன்றிரண்டாகத் திரித்து, அப்புறம் தண்ணீர் விடாமல் பருப்பைப் போட்டுக் கொரகொரப்பாக அடியுங்கள். வாழைப்பூ வடைக்கும் இதே கணக்கு.

உருளைக்கிழங்கு வறுவல், காளான், மீல்மேக்கர், முட்டைக் குழம்பு, சால்னா எல்லாவற்றுக்கும் சோம்பு பொருந்தும். ரசம், சாம்பார், மோர்க்குழம்பு, புளிக்குழம்பு பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாம்பாரில் போடும் வீடுகளும் இருக்கலாம், எனக்கு ஒத்துவரவில்லை. காஷ்மீரிப் பண்டிதர்கள் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சோம்புப் பொடியையும் சுக்குப் பொடியையும் வைத்தே கறி சமைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தயிர் சேர்த்து அப்படிச் செய்து பாருங்கள், கால் மணி நேர வேலை மிச்சம்.

வெளிநாட்டுச் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஃபென்னல் என்று வெங்காயம் மாதிரி உருண்ட ஒரு காய் இருக்கும். அது இந்தச் செடியின் இன்னொரு வகையில் பருத்த இலைக்காம்புகளின் அடிப்பகுதி, காயாகச் சமைப்பது. விதைக்குப் பதிலாக அது உதவாது.

7. வயிற்றுக்குக் குடிப்பது: அளவு, நேரம், நாள் கணக்கு

சோம்புத் தண்ணீர் எடையைக் குறைக்கும், முகத்தைப் பளபளக்க வைக்கும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். வாயு, உப்புசம், சாப்பிட்ட பின் வரும் லேசான வயிற்றுப் பிடிப்பு ஆகியவற்றுக்குச் சோம்பு தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வருகிறது. ஐரோப்பிய மருந்து முகமையும் நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் இதை ஏற்றுக்கொள்கிறது. மாதவிடாய் நேரத்து லேசான வலிக்கும், சளி இருமலுக்கும்கூட அதே அடிப்படையில் அங்கீகாரம் உண்டு.

அவர்கள் சொல்லும் அளவு: பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1.5 முதல் 2.5 கிராம். தட்டையாக ஒரு தேக்கரண்டி எடுத்தால் ஏறக்குறைய 2 கிராம் வரும். அப்போதே இடித்த விதையை 250 மில்லி கொதிநீரில் போட்டு, மூடி, 15 நிமிடம் வைத்து வடிகட்டிக் குடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

நான் செய்த தவறுகள் மூன்று. விதையை இடிக்காமல் முழுதாகப் போட்டேன், எண்ணெய் உள்ளேயே இருந்துவிட்டது. பாத்திரத்தைத் திறந்து வைத்து அரை மணி நேரம் கொதிக்க விட்டேன், வாசம் எல்லாம் சமையலறைக்குத்தான் போனது. மூன்றாவதாக, ஒரு தேக்கரண்டியே நல்லது என்றால் ஒரு கைப்பிடி இன்னும் நல்லது என்று லிட்டர் கணக்கில் குடித்தேன். ஒரு வேளைக்கு ஆகும் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை என்பதுதான் நம்மை இப்படிக் கெடுக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு வெறுமனே மெல்ல அரைத் தேக்கரண்டி போதும். ஹோட்டலில் பில் தட்டில் வரும் கலர் கலரான சர்க்கரை பூசிய சோம்பு இந்தக் கணக்கில் வராது, அது மிட்டாய். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கை நீட்டவேண்டாம்.

சத்துப் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிராம் சோம்பில் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம், 40 கிராம் நார்ச்சத்து என்று போஸ்டரில் போடுவது பொய்யில்லை. ஆனால் நீங்கள் தின்பது 2 கிராம். அதில் 24 மில்லிகிராம் கால்சியமும் ஒரு கிராமுக்கும் குறைவான நாரும்தான் இருக்கும். எலும்புக்கு என்று சோம்பைத் தின்ன வேண்டாம், தயிரும் கேழ்வரகும் இருக்கின்றன.

8. யாருக்கு வேண்டாம்

இது குழம்பில் விழும் சோம்பைப் பற்றியது அல்ல. தினமும் மருந்து போலக் குடிப்பதைப் பற்றியது.

கைக்குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். என் அக்கா பிள்ளை இரண்டு மாதத்தில் வீறிட்டு அழுதபோது பாட்டி சோம்புத் தண்ணீர் புகட்டினார். தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் நல்லா வாங்கு வாங்கிவிட்டார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கிடையாது. ஐரோப்பிய முகமை நான்கு வயதுக்குக் கீழே சோம்பு டீயைப் பரிந்துரைக்கவில்லை.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவேண்டாம். பால் சுரக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், சண்டை வேண்டாம், டாக்டரை நோக்கிக் கையைக் காட்டிவிடுங்கள். சோம்பில் இயற்கையாகவே எஸ்ட்ராகோல் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது கட்டிகள் வந்திருக்கின்றன. குழந்தைகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் கட்டுப்பாடு அதனால்தான்.

மார்பகப் புற்று போன்ற ஹார்மோன் சம்பந்தப்பட்ட நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள் கேட்டுவிட்டே தொடங்கவேண்டும். கேரட், செலரி சாப்பிட்டால் வாய் அரிப்பு வருபவர்களுக்குச் சோம்பும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஒரே குடும்பச் செடிகள். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை எடுக்கும் நாட்களில் நிறுத்தி வையுங்கள். சோம்பு அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைப்பதாக எலிகளில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

சின்னப் பாட்டிலில் விற்கும் சோம்பு எண்ணெயைத் தண்ணீரில் சொட்டுவிட்டுக் குடிப்பதை யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

9. எப்போது நிறுத்துவது, என்ன எடுத்துக்கொண்டு போவது

இரண்டு வாரம் ஆகியும் உப்புசம் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம் அல்லது கறுத்த மலம், விடாத வாந்தி, காய்ச்சலோடு வயிற்றுவலி, கண் மஞ்சளிப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே போகவேண்டும்.

எனக்கு வந்தது இப்படித்தான். பரோட்டா, பிரியாணி சாப்பிட்ட இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுப் பக்கம் இழுக்கும். வாயு என்று நானே முடிவு கட்டி ஆறு வாரம் சோம்பில் ஓட்டினேன். ஒரு இரவு வலி விடியும்வரை இறங்கவில்லை. ஸ்கேனில் பித்தப்பையில் கல். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு அதே இடத்தில் வலி திரும்பத் திரும்ப வந்தால் சோம்பை நம்பாமல் ஸ்கேனுக்குப் போங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகவேண்டியவை: எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன சாப்பிட்ட பிறகு வருகிறது, எத்தனை மணி நேரம் இருக்கிறது, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், சோம்பு எத்தனை நாளாக எவ்வளவு குடிக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நான் முதலில் சொல்லாமல் விட்டு, இரண்டாவது முறை டாக்டர் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன். பழைய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இருந்தால் அசலோடு ஒரு நகலும் எடுத்துப் போங்கள். காப்பீடு இருந்தால் அட்டையும் ஆதாரும்.

வயிற்று ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கவேண்டும். காலை எட்டு மணிக்கு நேரம் வாங்கிக்கொள்வது வசதி, ராத்திரிச் சாப்பாட்டோடு கணக்கு முடிந்துவிடும். நான் போன தனியார் சென்டரில் 1,200 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனையில் செலவு மிச்சம், வரிசைக்கு ஒரு நாள் விடுப்பு ஒதுக்கிக்கொள்ளுங்கள். அன்று காலை பல் துலக்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் நான் நாலு சோம்பை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண் "என்ன சார் மெல்றீங்க?" என்று கேட்டு, டெக்னீஷியனிடம் விசாரித்துவிட்டு, என் பெயரைப் பதினொரு மணிப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்.